திருவொற்றியூரில் ஒரு ஜப்பானிய மரக்கட்டை அச்சு

போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, காலடிப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வைத்த ஒரு படம். ஹிரோஷி யோஷிடாவின் 'பாய்மரப் படகுகள் - காலை'. 1926ல் செய்த அசல் மரக்கட்டை அச்சு என்று சொல்லித்தான் இணையத்தில் ஒருவர் விற்றார். 18,000 ரூபாய் அனுப்பியிருந்தேன். வீட்டில் சொன்ன தொகை அதில் பாதி.

மேஜையில் விரித்து நாலு மூலையிலும் புத்தகம் வைத்தேன். அமைதியான கடல், பின்னால் வெயில் எழும்பும் மஞ்சள், பெரிய பாய்களோடு படகுகள், தண்ணீரில் அவற்றின் நிழல். காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவனுக்குப் படகுப் படம் பிடிக்காமல் போகுமா? அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா வந்து எட்டிப் பார்த்தார். அவர் திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போய் ஒரு மடக்கு லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். படகின் பாய் மேல் வைத்துக் குனிந்தார்.

"இது ஆப்செட்டுடா. புள்ளி தெரியுது பாரு."

பார்த்தேன். மஞ்சள் என்று நான் நினைத்தது மஞ்சள் இல்லை. மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி, நடுவில் கறுப்புப் புள்ளி. காலண்டரில் இருக்கும் அதே புள்ளிகள். மரக்கட்டை அச்சில் புள்ளிக்கு வேலையே இல்லை. அங்கே மஞ்சள் என்றால் முழுசாக மஞ்சள், காகித நாருக்குள் இறங்கிய மஞ்சள்.

விற்றவருக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. பணம் போனது போனதுதான். ஆனால் அந்த லென்ஸ் வழியாகப் பார்த்த பிறகுதான், இரண்டு வருஷமாக நான் எதைச் சேகரிக்க ஆசைப்பட்டேன் என்பதையே ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

கட்டையும் காகிதமும்

முதலில் இந்த அச்சு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். இது புரியாமல் மற்றது புரியாது.

ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப் பலகையின் மேல் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டுவிட்டு மற்றதைக் குடைந்து எடுப்பார். இது மூலக்கட்டை. அதிலிருந்து சில பிரதிகள் எடுத்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று ஓவியர் குறித்துக் கொடுப்பார். பிறகு நிறத்துக்கு ஒரு பரப்பு என்று தனித்தனியாகக் கட்டைகளைச் செதுக்க வேண்டும்.

அதற்கப்புறம் அச்சிடுபவரின் வேலை. தண்ணீரில் கரைத்த சாயத்தையும் அரிசிப் பசையையும் கட்டையின் மேல் தூரிகையால் தடவி, ஈரப்படுத்திய மல்பெரி நார்க் காகிதத்தை அதன் மேல் வைத்து, 'பாரென்' என்ற வட்டமான தேய்ப்பானால் காகிதத்தின் முதுகில் தேய்க்கிறார். இயந்திரம் கிடையாது. அழுத்தம் முழுக்கத் தோளிலிருந்தும் உள்ளங்கையிலிருந்தும் வருவது. ஒரு நிறம் முடிந்ததும் அடுத்த கட்டை, அடுத்த நிறம்.

இத்தனை தடவை வைத்து எடுக்கும்போது காகிதம் நகராமல் இருப்பது எப்படி? ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு சின்ன வெட்டு இருக்கும். ஒன்று மூலையில், இன்னொன்று ஓரத்தில். 'கென்டோ' என்று பெயர். காகிதத்தின் மூலையையும் ஓரத்தையும் அதில் முட்ட வைத்துப் படுக்கவிட்டால் எல்லா நிறமும் தன் இடத்தில் விழும். அரை மில்லிமீட்டர் பிசகினால் பாயின் சிவப்பு கடலுக்குள் வழிந்துவிடும். நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையில் ஒரு அடுக்கு நகர்ந்துவிட்டால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். இங்கே திரும்பிப் போக வழி கிடையாது, அந்தத் தாள் குப்பைக்குத்தான்.

வானம் மேலே கருநீலமாகவும் கீழே வெளிறியும் இருக்கிறதே, அதுவும் கையால்தான். கட்டையின் மேல் சாயத்தை ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் ஈரத்தோடு மெலிதாகவும் இழைத்து விடுவார்கள். 'பொகாஷி' என்பார்கள். நூறு பிரதி என்றால் நூறு தடவையும் புதிதாக இழைக்க வேண்டும். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது.

யோஷிடாவின் படங்களில் ஒரு தாள் சராசரியாக முப்பது தடவைக்கு மேல் கட்டையில் படுத்து எழுந்திருக்கிறது. சிலவற்றில் தொண்ணூறைத் தாண்டும். புகைப்படம் மாதிரித் தெரியும் அந்த மென்மைக்குக் காரணம் இதுதான்.

புதிய அச்சு

ஹொகுசாய், ஹிரோஷிகே பெயர்களைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெரிய அலைப் படம் இப்போது டீ-ஷர்ட்டிலும் மொபைல் கவரிலும்கூட வருகிறது. அது 1830களின் கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகைப்படமும் கல்லச்சும் வந்து ஜப்பானில் அந்தத் தொழிலைப் படுக்க வைத்துவிட்டன. செதுக்குபவர்களுக்கும் அச்சிடுபவர்களுக்கும் வேலை இல்லை.

வாடனபே ஷோசாபுரோ (1885-1962) என்ற பதிப்பாளர்தான் 1915 வாக்கில் இதைத் திரும்ப எழுப்பினார். பழைய கூட்டுத் தொழில்முறையை அப்படியே வைத்துக்கொண்டார்: வரைய ஒருவர், செதுக்க ஒருவர், அச்சிட ஒருவர், பணம் போட்டு விற்க ஒருவர். வரைபவர்கள் மட்டும் புதியவர்கள், மேற்கத்திய ஓவியத்தில் ஒளியும் நிழலும் படித்தவர்கள். இதற்கு 'ஷின் ஹங்கா', அதாவது புதிய அச்சு என்று பெயர். கவாசே ஹசுய் (1883-1957) இந்தக் கூட்டத்தில் பெரிய பெயர். மழையும் பனியும் இரவு வெளிச்சமும் அவருடைய சரக்கு.

இதற்கு எதிர்முகாமும் இருந்தது. 'வரைகிறவனே செதுக்கி அவனே அச்சிட்டால்தான் கலை' என்றார்கள். அதற்குப் பெயர் 'சோசாகு ஹங்கா', படைப்பு அச்சு. 1904ல் யாமாமோட்டோ கனாயே என்பவர் வெளியிட்ட ஒரு சின்ன அச்சை இந்த இயக்கத்தின் முதல் படைப்பாகச் சொல்கிறார்கள். அதன் தலைப்பு 'மீனவர்'.

யோஷிடா (1876-1950) இந்த இரண்டு முகாமுக்கும் நடுவில் நின்றவர். தெற்கு ஜப்பானில் குருமே என்ற ஊரில் பிறந்தவர். தண்ணீர் வண்ணத்திலும் எண்ணெய் வண்ணத்திலும் தேர்ந்தவர், இருபத்து மூன்று வயதிலேயே அமெரிக்கா போய்ப் படம் விற்றவர். மரக்கட்டை அச்சுக்கு வந்தது 1920ல், வாடனபேயோடு சேர்ந்து. அடுத்த வருஷமே பாய்மரப் படகுகளை முதன்முதலாகச் செய்தார்.

1923 செப்டம்பர் 1 அன்று நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் டோக்கியோவைப் பூகம்பம் உலுக்கியது. அதைவிடப் பெரிய சேதம் பின்னால் வந்த தீயால். வாடனபேயின் கடையும் கட்டைகளும் இருப்பும் எரிந்து போயின. யோஷிடாவின் கட்டைகளும் அதில் அடக்கம். பாதிக்கப்பட்ட ஓவியர்களுக்காகப் படம் விற்கப் போகிறேன் என்று அவர் மறுபடி அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அங்கே அவர் பார்த்தது, எண்ணெய் ஓவியங்களைவிட மரக்கட்டை அச்சை ஜனங்கள் விரும்பி வாங்குவதை. 1925ல் திரும்பி வந்ததும் சொந்தப் பட்டறை போட்டார். அப்போது அவருக்கு வயது 49. நம் ஊரில் அந்த வயதில் வி.ஆர்.எஸ். பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

1926ல் அந்தப் பட்டறையில் பாய்மரப் படகுகள் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஆறு படங்கள். காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, அந்தி, இரவு. அதே படகுகள், அதே கடல், நிறங்களை மட்டும் மாற்றிப் பொழுதை மாற்றினார். அதில் 'காலை'யைத்தான் நான் புள்ளிகளாக வாங்கி வைத்திருக்கிறேன்.

மதுரை வரை வந்தவர்

என்னை யோஷிடாவிடம் இழுத்துப் போனது படகுகள் அல்ல. அவருடைய படங்களின் பட்டியலில் 'மதுரா' என்று ஒரு பெயரைப் பார்த்ததுதான். ஆங்கிலேயர் காலத்தில் மதுரையை அப்படித்தான் எழுதினார்கள்.

1930 நவம்பரில் யோஷிடா தன் மூத்த மகன் தோஷியைக் கூட்டிக்கொண்டு இந்தியப் பயணம் கிளம்பினார். தோஷிக்கு அப்போது 19 வயது. அந்தப் பயணத்தில் வரைந்ததை வைத்து 1931, 1932ஆம் ஆண்டுகளில் இந்திய, தென்கிழக்காசிய வரிசை வந்தது. டார்ஜிலிங் பக்கத்திலிருந்து பார்த்த கஞ்சன்ஜங்கா, காசிப் படித்துறை, அஜந்தா, எல்லோரா, சாஞ்சி, உதய்பூர் ஏரி அரண்மனை, அமிர்தசரஸ் பொற்கோயில், பாம்பாட்டிகள், ரங்கூன், சிங்கப்பூர். தாஜ்மஹாலுக்கு மட்டும் ஆறு படங்கள், படகுகளுக்குச் செய்த அதே பொழுது மாற்றும் வித்தையோடு. தமிழ்நாட்டுப் பங்குக்கு 'மதுரைப் பெருங்கோயில்', 1931.

இந்தியாவை ஜப்பானிய மரக்கட்டைக்குக் கொண்டுபோனதில் யோஷிடா முதல் ஆள் இல்லை. சார்லஸ் பார்ட்லெட் என்ற இங்கிலாந்து ஓவியர் 1913ல் இந்தியா வந்து சுற்றி வரைந்துவிட்டு, அப்படியே ஜப்பான் போய்ச் சேர்ந்தார். அவருடைய தாஜ்மஹாலையும் காசியையும் உதய்பூரையும் 1916லேயே வாடனபே அச்சுகளாக வெளியிட்டார். அதாவது புதிய அச்சு இயக்கம் தவழ ஆரம்பித்தபோதே அதன் கையில் இந்தியப் படங்கள் இருந்தன.

யார் வாங்கினார்கள்? பெரும்பாலும் அமெரிக்கர்கள். யோஷிடா தன் படங்களின் கீழே பென்சிலால் ஆங்கிலத்தில் தலைப்பும் கையெழுத்தும் போட்டதே அவர்களுக்காகத்தான். 1930ல் ஓஹையோவில் டொலிடோ கலை அருங்காட்சியகம் பத்து ஓவியர்களின் 342 நவீன அச்சுகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. 1936ல் இன்னொன்று. இவை இரண்டும் அமெரிக்காவில் இந்தச் சேகரிப்பு மோகத்தைக் கிளப்பிவிட்டன.

ராபர்ட் முல்லர் என்று ஒருவர். 1931ல் ஹார்வர்டு மாணவராக இருந்தபோது நியூயார்க்கில் ஒரு கடை ஜன்னலில் ஹசுய் வரைந்த கியோசு பாலத்தைப் பார்த்து வாங்கினார். அதுதான் முதல். பின்னால் அந்தக் கடையையே வாங்கிவிட்டார். 1940ல் தேனிலவுக்குப் போனது ஜப்பானுக்கு, அங்கேயும் அச்சு வாங்கினார். 2003ல் அவர் இறந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் ஸ்மித்சோனியனின் சாக்லர் காலரிக்குப் போய்ச் சேர்ந்தன.

எங்கள் துறைக்காரர் ஒருவரும் உண்டு. ஸ்டீவ் ஜாப்ஸ் 1983லிருந்து டோக்கியோ கின்சாவில் ஒரு காலரிக்குப் போய் ஹசுய் அச்சுகளாகப் பொறுக்கி வாங்கினார். 1984ல் மெக்கின்டாஷ் வெளிவந்தபோது அதன் ஓவிய மென்பொருளைக் காட்டுவதற்குத் திரையில் போட்ட படம் எது தெரியுமா? ஹாஷிகுசி கோயோ 1920ல் செய்த, தலைவாரும் பெண். சூசன் கேர் அதைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் வரைந்திருந்தார். கல்லூரியில் படிக்கும்போது அந்தப் படத்தை ஒரு பழைய பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். அது மரக்கட்டை அச்சிலிருந்து வந்தது என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆனது.

ஆக, மதுரையை வரைந்து, டோக்கியோவில் அச்சிட்டு, அமெரிக்காவில் விற்றார்கள். வரையப்பட்ட ஊர் அந்தச் சந்தையில் இல்லை.

நம்ம ஊருக்கு வந்த அச்சு

அப்படியானால் ஜப்பானிய அச்சு நம் பக்கம் வரவே இல்லையா? இந்தக் கேள்வியை அப்பாவிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார்.

"தீப்பெட்டி மேல இருந்தது என்னவாம்?"

ஜப்பானில் தீக்குச்சித் தொழில் 1870களின் நடுவில் தொடங்கியது. சீக்கிரமே கோபேயும் ஒசாகாவும் அதன் மையங்களாகி, சீனாவுக்கும் இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் ஏற்றுமதி செய்தன. 1893ல் கோபேக்கும் பம்பாய்க்கும் நேரடிக் கப்பல் தடம் திறந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டாவோடு சேர்ந்து ஜப்பானியக் கம்பெனி ஒன்று தொடங்கிய அந்தத் தடத்தின் நோக்கம், பருத்தியை அங்கே கொண்டு போவது. தீப்பெட்டி இந்தப் பக்கம் வந்த ஜப்பானியச் சரக்குகளில் ஒன்று. முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு நின்றுபோனதும் இந்தியச் சந்தையில் ஜப்பானியத் தீப்பெட்டியின் கை ஓங்கியது.

இந்தப் பெட்டிகளின் மேல் ஒட்டிய லேபிள்கள் இந்தியாவுக்கென்றே வரைந்தவை. யானை, புலி, மயில், லட்சுமி, கிருஷ்ணர். கீழே 'மேட் இன் ஜப்பான்'. தொடக்க காலத்தில் இவற்றை மரக்கட்டையில்தான் அச்சிட்டார்கள். பிறகு கல்லச்சும் உலோக அச்சும் வந்தன. படம் அச்சிடும் தொழில் படுத்துக் கிடந்த காலம் அது என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தக் காலத்தில் கட்டைக்கும் கத்திக்கும் சோறு போட்டவற்றில் தீப்பெட்டி லேபிளும் ஒன்று.

1922ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது அன்றைய அரசு. குரோஸ் என்றால் 144 பெட்டி. வரிச்சுவர் எழும்பியதும் உள்ளே செய்வது லாபமானது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தது இந்தச் சமயத்தில்தான். ஸ்வீடன்காரர்கள் 1923ல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியைத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். சுருக்கமாக விம்கோ. அதன் சென்னைத் தொழிற்சாலை எங்கள் திருவொற்றியூரில். ரயில் நிலையத்துக்கு விம்கோ நகர் என்று பெயர். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து நீட்டிய மெட்ரோ ரயில் வந்து நின்றதும் விம்கோ நகரில்தான். தீக்குச்சி போனாலும் பெயர் நிற்கிறது.

நாங்கள் சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். அட்டையைக் கிழித்து, அடுக்கி, சில்லு எறிந்து ஜெயிக்கிற ஆட்டம். கப்பல் மார்க்குக்கு மதிப்பு கம்மி, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அது இருந்தது. அபூர்வமாகக் கிடைக்கும் சிவகாசிப் படத்துக்குப் பத்து கப்பல் கொடுக்க வேண்டும். முல்லரும் ஜாப்ஸும் செய்தது இதைத்தான், தொகை மட்டும் வேறு.

ஜிசூரி

மறுபடி என் ஏமாந்த கதைக்கு வருகிறேன். அசலை அடையாளம் காண்பது எப்படி? படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது 18,000 ரூபாய் மிச்சமாகட்டும்.

முதலில் லென்ஸ். புள்ளி இருந்தால் ஆப்செட், பேச்சு முடிந்தது. அடுத்து, தாளைத் திருப்புங்கள். மரக்கட்டை அச்சில் சாயம் முதுகு வரை ஊறித் தெரியும், பாரென் தேய்த்த வட்டத் தடங்களும் இருக்கும். முன்பக்கம் சாய்வாக வெளிச்சம் விட்டால் கட்டை அழுத்திய மேடு பள்ளம் தெரியும். ஓரத்தை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், சட்டத்துக்குள் அடங்குவதற்காக ஓரத்தை நறுக்கிய படங்கள் ஏராளம்.

யோஷிடாவுக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு. இடது ஓரத்தில் 'ஜிசூரி' என்று ஒரு சின்ன முத்திரை. 'தானே அச்சிட்டது' என்று பொருள். அவர் காலத்தில், அவர் பட்டறையில், அவர் பார்வையில் வந்த பிரதிகளின் அடையாளம். 1950ல் அவர் இறந்த பிறகு அதே கட்டைகளிலிருந்து குடும்பத்தார் எடுத்த பிரதிகளில் இந்த முத்திரை இருக்காது. அவையும் கையால் செய்த மரக்கட்டை அச்சுகள்தான், ஆனால் விலை மிகக் குறைவு. பென்சில் கையெழுத்தை மட்டும் நம்பக் கூடாது, அச்சிலேயே பதித்த கையெழுத்தும் உண்டு. முத்திரை இல்லாத எல்லாமே பிந்தியவை என்றும் சொல்லிவிட முடியாது. வாடனபே வெளியிட்ட ஆரம்பப் படங்களில் அது கிடையாது.

இந்த 'தானே அச்சிட்டது' என்ற சொல் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஏனென்றால் யோஷிடா தன் பட்டறையில் செதுக்குபவர்களையும் அச்சிடுபவர்களையும் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அவர் இரண்டு வேலையையும் கற்றுக்கொண்டவர், சில கட்டைகளைத் தானே செதுக்கியவர், 1939ல் இந்தத் தொழில்நுட்பம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டவர். பக்கத்தில் நின்று ஒவ்வொரு நிறத்தையும் சரி பார்த்தவர். ஆனாலும் முப்பது தடவை, தொண்ணூறு தடவை பாரெனைத் தேய்த்த தோள் பெரும்பாலும் இன்னொருவருடையது. முத்திரை சொல்வது 'என் பொறுப்பு' என்பதை. சந்தை அதை 'என் கை' என்று படிக்கிறது.

டோய் என்ற இன்னொரு பதிப்பாளர் ஹசுயின் படங்களைப் போட்டபோது செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்களையும் ஓரத்தில் பதித்தார். இன்றைக்கு அந்தப் பெயர்களை வைத்துத்தான் எந்தப் பிரதி எந்தக் காலத்தது என்று கணக்கிடுகிறார்கள். தொழிலாளியின் பெயரை மரியாதைக்காகப் போடாவிட்டாலும், ஆவணத்துக்காகப் போட்டதே எவ்வளவு உதவுகிறது!

நான் வேலை பார்த்த இடங்களில் பத்துப் பேர் இரவு பகலாக எழுதியது ஒருவர் பெயரில் மேடை ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அதில் நான் அந்தப் பத்தில் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன், ஒரு தடவை மேடை ஏறிய அந்த ஒருவனாகவும் இருந்திருக்கிறேன். அதனால் யோஷிடாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த முத்திரையைப் பார்த்தவுடன் கும்பிடவும் தோன்றவில்லை.

உப்புக்காற்றும் காகிதமும்

கடலுக்கு அரை மைல் தள்ளிக் காகிதம் சேர்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று என் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தெருவில் கேட் கொக்கி மூன்று வருஷத்தில் துரு பிடித்துப் போகும். ஈரத்தில் காகிதத்துக்குப் பழுப்புப் புள்ளிப் பூஞ்சை வரும். வெயில் பட்டால் நீலமும் சிவப்பும் முதலில் வெளிறும், தண்ணீர்ச் சாயம் அல்லவா.

நம் ஆட்கள் ஒன்று செய்வார்கள், பழைய காகிதம் எது கிடைத்தாலும் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒட்டிய பிளாஸ்டிக்கை எடுக்கவே முடியாது. செலோ டேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி உள்ளே இறங்கும். அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவில், படுக்க வைத்து, இரும்பு பீரோவில் தரையிலிருந்து உயரமான தட்டில் வையுங்கள். சிலிகா ஜெல் பை போட்டு, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது கீழ்த் தட்டில் இருந்த என் பழைய பத்திரிகைகள் கூழாகிப் போயின. மேல் தட்டு தப்பித்தது.

இப்போது என்னிடம் இருப்பது

அசல் யோஷிடா என்னிடம் இல்லை. மதுரைப் படத்தின் நல்ல பிரதி ஒன்றை வாங்கும் வசதி இப்போதைக்கு இல்லை, பெண் பிளஸ் டூ படிக்கிறாள். புள்ளி போட்ட 'காலை'யைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். யாராவது கேட்டால் ஆப்செட் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் உண்மையான விலையையும் சொல்லிவிட்டேன். "சரி, பாடம் படிச்சதுக்கு ஃபீஸ்னு வெச்சுக்கோங்க" என்றாள். அதோடு விட்டதே பெரிசு.

இந்தத் தை மாதம் ஒரு பழைய காகித வியாபாரியிடம் பதினொரு ஜப்பானியத் தீப்பெட்டி லேபிள்கள் கிடைத்தன. எல்லாம் சேர்த்து 600 ரூபாய். பேரம் பேசும்போது அவர் கேட்டார், "இன்னா சார், பெட்டி இல்ல, குச்சி இல்ல, இத்த வெச்சிகினு இன்னா பண்ணுவே?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். லென்ஸை எடுத்தார். பத்தில் புள்ளியும் இல்லை, கட்டையின் தடமும் இல்லை. கல்லச்சாகவோ உலோக அச்சாகவோ இருக்கும். ஒன்றே ஒன்று, யானைப் படம், முதுகில் சாயம் ஊறியிருந்தது. யானையின் மேல் போர்த்திய சிவப்புத் துணி, கறுப்புக் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே வந்திருந்தது.

அப்பா அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"செவப்பு போட்டவன் அவசரப்பட்டுட்டான். பொழுது சாயற நேரமா இருக்கும்."

அவர் நாற்பது வருஷம் லேபிள் பார்த்தவர். எந்த நேரத்தில் கை பிசகும் என்று அவருக்குத் தெரியும்.

என் சேகரிப்புக்கு நான் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். எண், தலைப்பு, ஓவியர், ஆண்டு, அளவு, விலை என்று ஆறு பத்தி இருந்தது. அன்றைக்கு இரவு அதில் இரண்டு பத்தி சேர்த்தேன். செதுக்கியவர், அச்சிட்டவர். யானை லேபிளுக்கு நேரே இரண்டும் காலியாக இருக்கின்றன. ஓவியர் பத்தியும் அப்படித்தான். அதற்காகப் பத்தியை எடுத்துவிடப் போவதில்லை.